அடர்த்தி சொல்லாத கணக்கு

ஒரு குழந்தைக்கு முதல் தடவை கால் முறிந்தால், விழுந்தது காரணம். இரண்டாம் தடவை முறிந்தால், துறுதுறுப்பு காரணம். மூன்றாம் தடவை பெற்றவளின் கவனக்குறைவு. நான்காம் தடவை ஜாதகத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பையே சந்தேகப்படும் ஆள் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்து சேர்கிறார். அதற்குள் மாவுக்கட்டுப் போட்டவர், எக்ஸ்ரே எடுத்தவர், புத்தூர் கட்டுக் கட்டியவர் என எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகவே செய்து முடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறிவும் கூடியிருக்கும். ஏன் முறிந்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்கிற எலும்பு நொறுங்கும் நோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்து படிவதற்கு ஒரு புரதச் சட்டகம் வேண்டும். முதல் வகைக் கொலாஜன் என்பது அதன் பெயர். பெரும்பாலான நோயாளிகளிடம் அந்தக் கொலாஜனை உருவாக்கும் இரு மரபணுக்களில் ஒன்றில்தான் பிழை இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் சிலன்ஸ் 1979-இல் இந்த நோயை நான்கு வகைகளாகப் பிரித்தார். முதல் வகையினர் சில முறிவுகளோடு ஏறக்குறைய எல்லாரையும் போல வாழ்ந்துவிடலாம். இரண்டாம் வகைக் குழந்தைகள் பெரும்பாலும் பிறப்பை ஒட்டியே இறந்துவிடுகின்றன. மூன்றாம் வகையில் கைகால்கள் வளைந்து, உயரம் குன்றி, பலர் சக்கர நாற்காலியை நம்பி வாழ்கிறார்கள். நான்காம் வகை இவற்றுக்கு இடைப்பட்டது. பின்னாளில் மேலும் பல மரபணுக்கள் கண்டறியப்பட்டு வகைகள் பெருகினாலும், சிகிச்சை அறையில் இன்றும் இந்த நான்கு எண்களே புழங்குகின்றன.

இந்த நோய்க்கு இன்று உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்து பிஸ்பாஸ்பனேட். சில மாதங்களுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றப்படும் இந்தச் சிகிச்சை கால் நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் அது எதைச் சாதிக்கிறது என்பதற்கும், எதைச் சாதிப்பதாக நாம் நம்புகிறோம் என்பதற்கும் இடையே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் குழந்தைகள் நடக்கும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

முதல் கோளாறு நோயை அறிவதிலேயே தொடங்குகிறது. அடிக்கடி எலும்பு முறியும் குழந்தையைக் கண்டதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது ரிக்கெட்ஸ். அது பரவலான நோய் என்பதால் அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ரிக்கெட்ஸில் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எகிறியிருக்கும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வளர்முனை அகன்று, ஓரம் பிசிறடித்துக் கிடக்கும். இவை இரண்டும் இயல்பாக இருந்தும் கால்சியம், வைட்டமின் டி சிரப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நாம் வேறு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். கண்ணின் வெள்ளை விழி நீலம் பாரித்திருப்பது, பல் கலங்கிய பழுப்பு நிறத்தில் எளிதில் தேய்வது, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, மண்டையோட்டு எக்ஸ்ரேயில் தையல் கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டெலும்புகள் தெரிவது, குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே காது மந்தமாவது ஆகியவற்றைக் கவனிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குழந்தையை ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, பெற்றோரிடம் நாலு கேள்வி கேட்டாலே பாதி சந்தேகம் தெளிந்துவிடும். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் நீல விழி இருப்பதில்லை. நலமாக உள்ள கைக்குழந்தைகளுக்கும் விழி சற்று நீலமாகத் தெரியலாம். ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது.

தாமதத்தின் விலையைக் கொடுப்பவர்கள் குழந்தைகள் மட்டுமல்ல. மேலை நாடுகளில் இந்த நோயுள்ள குழந்தையின் பெற்றோர், பிள்ளையை அடித்து எலும்பை முறித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, குழந்தையைப் பிரிந்த வழக்குகள் உண்டு. நம் வீடுகளில் விசாரணைக்கு நீதிமன்றம் தேவைப்படுவதில்லை. ‘பிள்ளையைப் பிடிக்கத் தெரியலையே’ என்ற ஒரு வாக்கியத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். பச்சிளம் குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகாலை உருவிவிட்டுக் குளிப்பாட்டும் வழக்கம் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தானது. நோய் இன்னதென்று தெரிந்த வீட்டில் பாட்டியே அதை நிறுத்திவிடுவார். தெரியாத வீட்டில் முறிவுக்கும் அவரே காரணம் ஆகிவிடுவார்.

இனி மருந்துக்கு வருவோம். கால்சிட்டோனின், ஃபுளோரைடு என்று பலவற்றையும் முயன்று பார்த்து ஓய்ந்த பிறகு, கனடாவின் மான்ட்ரியல் ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பிரான்சிஸ் குளோரியூவின் குழு பாமிட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்பனேட் மருந்தை ரத்தநாளம் வழியே கொடுத்துப் பார்த்தது. 3 முதல் 16 வயது வரையிலான, நோய் கடுமையாக இருந்த 30 குழந்தைகள் பற்றிய அந்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. எலும்பின் அடர்த்தி ஆண்டுக்குச் சராசரியாக 40 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. முறிவுகள் குறைந்தன. நாள்பட்ட வலி தணிந்தது, குழந்தைகளின் நடமாட்டம் மேம்பட்டது. அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்த மருத்துவர்களுக்கு இது பெரிய திருப்பம்.

இந்தச் சிகிச்சையின் பலங்களைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்களின் கையை இந்த மருந்து கட்டிப்போடுகிறது; கட்டும் செல்கள் தம் வேலையைத் தொடர்கின்றன. அதனால் எலும்பின் பருமன் கூடுகிறது. நசுங்கித் தட்டையான முதுகெலும்புகள், வளரும் வயதில் மருந்து கிடைத்தால் மீண்டும் தம் உருவத்தைப் பெறுவதை எக்ஸ்ரேயில் கண்ணால் காணலாம். பாமிட்ரோனேட்டுக்கு அடுத்தடுத்து 3 நாள் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. பின்னர் வந்த, அதே வகையைச் சேர்ந்த சோலெட்ரோனிக் ஆசிட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்தில் பிள்ளையைத் தூக்கிவரும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்து என்பதால் விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கோடிகளில் விலை பேசப்படும் அரிய நோய் மருந்துகளுக்கு நடுவே இது அபூர்வம். முதல் டோஸுக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ரத்தத்தில் கால்சியம் இறங்கக்கூடும் என்பதால் வைட்டமின் டி அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இவை சமாளிக்கக்கூடியவையே.

சிக்கல் அடர்த்தி என்ற எண்ணை நாம் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 1998 ஆய்வில் மருந்து தரப்படாத ஒப்பீட்டுக் குழு இல்லை. வயது ஏற ஏற முறிவுகள் தாமாகவும் குறையும் நோய் இது. பின்னர் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2011-இல் வெளியான, 139 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் அலென்ட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்பனேட் மாத்திரை அடர்த்தியை நன்றாகவே கூட்டியது. முறிவுகளை மட்டும் குறைக்கவில்லை. 2013-இல் ‘லான்செட்’ இதழில் வந்த, அதே வகையைச் சேர்ந்த ரைசட்ரோனேட் மாத்திரை ஆய்வில் ஓராண்டில் முறிவு கண்டவர்கள் மருந்து எடுத்தோரில் 31 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தோரில் 49 விழுக்காடு. இவற்றையெல்லாம் சேர்த்து அலசிய 2016-ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, அடர்த்தி கூடுவது உறுதி என்றும் முறிவு குறைவது தெளிவாக நிறுவப்படவில்லை என்றும் முடித்தது. மாத்திரையும் டிரிப்ஸும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனால் மான்ட்ரியல் குழுவே டிரிப்ஸ் ஏற்றிய குழந்தைகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, முதுகெலும்புகள் நிமிர்ந்தாலும் கைகால் முறிவுகள் நின்றுவிடவில்லை, முதுகு பக்கவாட்டில் வளைவதும் தடுக்கப்படவில்லை என்றே கண்டது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. மருந்து எலும்பைக் கூட்டுகிறது; கொலாஜனைத் திருத்துவதில்லை. நைந்த நாரைக் கொண்டு இன்னும் தடிமனாகக் கயிறு திரிப்பது போன்ற வேலை இது. கயிறு முன்பைவிடத் தாங்கும், ஆனால் நார் நைந்த நாராகவேதான் இருக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும் இந்தக் குழந்தைகளிடம் ஒரு பலவீனம் உண்டு. அது ஒரே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறது. உயரம் குன்றிய குழந்தையின் சிறிய எலும்பு அந்த ஒப்பீட்டில் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். தொடங்கும்போது எண் மிகத் தாழ்வாகவும், பிறகு விறுவிறுவென ஏறுவதாகவும் தெரிந்தால் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்தே ஏமாற வாய்ப்பிருக்கிறது.

மருந்து ஏற்றிய குழந்தையின் முழங்கால் எக்ஸ்ரேயை அருகில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புரியும். எலும்பின் முனையை ஒட்டிக் குறுக்காக வெள்ளைக் கோடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தவணை மருந்துக்கும் ஒரு கோடு. வரிக்குதிரைக் கோடுகள் என்றே எலும்பு மருத்துவர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். கோடுகளை எண்ணினால் எத்தனை தவணை என்று சொல்லிவிடலாம். கோடுகளுக்கு இடையிலான தூரம், அந்த இடைக்காலத்தில் எலும்பு எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும். குழந்தை வளரும்போதே மருந்தை நிறுத்திவிட்டால், அதற்குப் பின் வளரும் எலும்பு மருந்து படாததாக மெலிந்து நிற்கும். கெட்டி எலும்பும் மெலிந்த எலும்பும் சேரும் அந்த எல்லையில் முறிவு நேர்வது பதிவாகியிருக்கிறது. ஆகவே தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று பெற்றோர் பாதியில் விட்டுவிடும் ஆபத்தை முதல் தவணையன்றே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று காட்டுகிறது. மாமன் மகள், அக்காள் மகள் உறவில் மணந்தவர்களின் குழந்தைகளிடம், தாய் தந்தை இருவரும் நோயின்றிச் சுமந்துவந்த மரபணுப் பிழை ஒன்றுசேரும் அரிய வகைகள் தலைகாட்டுகின்றன. அவற்றில் ஆறாம் வகை எனப்படுவதில் எலும்பில் தாதுப்பொருள் படிவதே கோளாறாக இருக்கும். பிஸ்பாஸ்பனேட்டுக்கு அது சரியாக இணங்குவதில்லை. மரபணுப் பரிசோதனை இல்லாமல் எல்லாருக்கும் ஒரே டிரிப்ஸ் என்று போனால், பயன் கிடைக்காத ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் ஊசி குத்திக்கொள்ளும். அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்ற பெற்றோரின் கேள்விக்கும் அந்தப் பரிசோதனைதான் விடை சொல்லும். புதிதாகத் தோன்றிய பிழை என்றால் அச்சம் குறைவு. இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

கத்தியின் பங்கையும் இங்கே எடைபோட வேண்டும். வளைந்த தொடை எலும்பைப் பல துண்டுகளாக வெட்டி நேராக்கி, உள்ளே கம்பி கோக்கும் முறையை அமெரிக்காவில் சோஃபீல்டும் மில்லரும் 1959-இல் விவரித்தார்கள். குழந்தை வளர வளரத் தானும் நீளும் ராடுகள் அதன்பின் வந்தன. மான்ட்ரியலில் உருவான ஃபாசியே-டுவால் ராடு இன்று பெயர்பெற்றது. இதற்கும் குறை உண்டு. ராடு நீள மறுக்கலாம், இடம் பெயரலாம். மறுபடி ஆபரேஷன் வரலாம். ஆனால் நோய் தெரியாமல் வழக்கமான பிளேட்டும் ஸ்குரூவும் வைப்பதோடு ஒப்பிட்டால் இக்குறைகள் சிறியவை. பிளேட் முடியும் இடத்தில் பாரம் குவிந்து, சரியாக அங்கேயே எலும்பு மறுபடி முறிகிறது. எலும்பை வெட்டி நேராக்கிய பிறகு மருந்தைச் சில மாதம் நிறுத்திவைக்கவும் வேண்டும், இல்லையேல் வெட்டிய இடம் கூடத் தாமதமாகும். ஆகவே டிரிப்ஸ் ஏற்றுபவரும் ராடு வைப்பவரும் ஒரே கோப்பைப் பார்ப்பது அவசியம். குழந்தைகள் நலப் பிரிவில் ஒரு கோப்பும் எலும்பு முறிவுப் பிரிவில் இன்னொரு கோப்பும் தனித்தனியே தூங்கினால் இது நடக்காது.

எல்லாவற்றையும்விட மலிவான சிகிச்சைதான் அதிகம் புறக்கணிக்கப்படுகிறது. முறிந்த காலை நெடுநாள் மாவுக்கட்டில் வைத்தால் அசையாத எலும்பு மேலும் மெலிகிறது. கட்டைப் பிரித்ததும் அடுத்த முறிவு. இந்த வட்டத்தை உடைப்பவை குறுகிய காலக் கட்டும், தண்ணீரில் பயிற்சியும், பிசியோதெரபியும், தசையை வளர்ப்பதும்தான். துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல், பிட்டத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸும் பத்து நிமிடமும் போதும். இதற்கென்று ரசீது போட முடியாததாலோ என்னவோ, பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட பல பெற்றோர் இதைக் கேள்விப்படாமலே வீடு திரும்புகிறார்கள்.

அரசுக் கொள்கையும் இதே சாய்வைக் கொண்டிருக்கிறது. 2021 மார்ச்சில் வெளியான தேசிய அரிய நோய்க் கொள்கை இந்த நோயையும் பட்டியலில் சேர்த்து, பிஸ்பாஸ்பனேட் சிகிச்சையைப் பெயர் சொல்லியே ஏற்றது. சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்பது 2022-இல் வந்தது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் குடும்பங்களைச் சாய்ப்பது மருந்தின் விலையைவிட மற்றவை: ராடின் விலை, மரபணுப் பரிசோதனை, வாரந்தோறும் பிசியோதெரபிக்கு ஆகும் போக்குவரத்து, மாடியில் இருக்கும் வகுப்பறை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இந்த நோயின் பெயர் அதில் தனியாக இல்லை. இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பில், விழுக்காட்டுக் கணக்கில்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். முறிவு கூடிய மாதத்தில் சான்றிதழ் முகாமுக்குப் போன குழந்தைக்கு ஒரு விழுக்காடு, கட்டோடு போன குழந்தைக்கு இன்னொரு விழுக்காடு என்றால், அந்த அளவுகோல் இந்த நோயின் இயல்பை அறியாதது.

எனவே பிஸ்பாஸ்பனேட்டைக் கைவிடச் சொல்லும் வாதத்துக்கு இங்கே இடமில்லை. முதுகெலும்பு நசுங்கிய, வலியில் துவளும் குழந்தைக்கு அதைவிட நல்ல மருந்து இன்று கைவசம் இல்லை. மாற்றாக முயன்று பார்க்கப்பட்ட டெனோசுமாப், நிறுத்திய பின் குழந்தைகளின் ரத்தத்தில் கால்சியத்தை அபாயகரமாக ஏற்றிவிடும் சிக்கலில் மாட்டியிருக்கிறது. கேள்வி, மருந்தின் வெற்றியை எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதுதான். ஸ்கேன் எண் ஏறியது என்பது மருந்துக்குக் கிடைத்த மதிப்பெண். குழந்தை எழுந்து நின்றதா, வலி குறைந்ததா, பள்ளிக்கு எத்தனை நாள் போனது, அந்த ஆண்டில் எத்தனை முறிவு ஆகியவையே சிகிச்சைக்கான மதிப்பெண். இந்த நான்கையும் ஒவ்வொரு தவணையின்போதும் கோப்பில் எழுத எந்த இறக்குமதிக் கருவியும் வேண்டாம். எழுதத் தொடங்கினால், டிரிப்ஸ் ஏறியும் அசையாத குழந்தை எது என்று சீக்கிரமே தெரியவரும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது ராடா, பிசியோதெரபியா, மரபணுப் பரிசோதனையா என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். மருந்தின் பங்கு அந்தக் கேள்விகளுக்கு அவகாசம் வாங்கித் தருவது. அவகாசத்தை வாங்கிவிட்டுக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், குறை மருந்தின் மேல் இல்லை.