காலுக்கேற்ற புதுமை

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேயர் வழியாக நம்மை வந்தடைந்தது. சொல்லும் பொருளும் ஒருங்கே வந்தன. ஆயின் அப்பொருள் பிறந்த நாட்டின் குளிர் உடன்வரவில்லை. வைபவங்களுக்கு ஆடவர் அணியும் ஒக்ஸ்போர்ட், டேர்பி என்னும் தோற் சப்பாத்துகள் ஈரமுங் குளிரும் மிக்க வீதிகளுக்கென அமைந்தவை. நாடா பூட்டும் மடல்கள் மேற்றோலின் கீழ் அடங்கியிருப்பது முன்னையது. மேலே திறந்து நிற்பது பின்னையது. இவ்வடிவங்களை மேனாட்டு வடிவமைப்பாளர் இன்று பலவாறு புதுக்குகின்றனர். அடியைத் தடிப்பாக்குவர், நாடாவை நீக்குவர், தோலுக்கு ஈடாக அன்னாசியிலை நாரையும் காளான் இழையையும் ஆய்வர். புதுமை வேண்டற்பாலதே. அதனை எக்கோல் கொண்டு அளப்பது என்பதே ஈண்டு வினா.

கண் ஒன்றே போதிய அளவுகோலன்று. 1963 இல் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனம் கோர்பாம் என்னும் செயற்கைத் தோலை அறிமுகஞ் செய்தது. நீரை விலக்கும், நுண்டுளை வழியே ஆவியை வெளிவிடும், பொலிஷ் வேண்டாது மினுங்கும். குறை யாது? இயற்கைத் தோல் நாளடைவில் நெகிழ்ந்து, அணிபவன் காலின் வடிவைத் தன் வடிவாக்கிக்கொள்ளும். கோர்பாமோ இரவு கழிந்ததும் தன் பழைய வடிவுக்கே மீண்டது. விலையும் மிகுதி. 1971 இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது.

எம் அனுபவமும் இதற்கு அயலன்று. திருமணங்களுக்கெனப் பேணி வைத்த ஒரு சோடி, மூன்றாண்டின் பின் மண்டப வாசலில் அடி உதிர்ந்து மாவாயிற்று. வெறுங்காலுடன் மணமக்களை வாழ்த்தினேன்! பொலியூரெத்தேன் என்னும் பொருளின் பிணைப்பைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும். அணியாது பேணினும் தப்பாது. நம்மூர்ப் பெட்டகங்களில் ஈரத்துக்குக் குறைவேது? எந்தையாரின் தோற் சப்பாத்து 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நாவற்குழி வரை மழையிலுஞ் சேற்றிலும் நடந்தது. நிழலில் உலர்த்தித் தேங்காயெண்ணெய் பூசினார். பின்னும் பல்லாண்டு உழைத்தது.

இதனால் தோல் குற்றமற்றது என்பது பெறப்படாது. குரோமிய உப்பாற் பதனிடும் முறை பரவியபின் வேலூர்ப் பகுதியில் பாலாறும் கிணறுகளும் கெட்டமை, 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. அதற்கு முன் தென்னாட்டார் ஆவாரம்பட்டை கொண்டு தோலைப் பதனிட்டனர்; நம் வேலியோரத்து ஆவாரையும் அதுவே. சென்னையில் 1948 இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீரையும் குரோமியத்தையும் குறைக்கும் வழிகளை ஆய்ந்து வருகின்றது. காட்சிமேடையில் ஏறாத இவ்வாய்வையே யான் பெரும் புதுமையாகக் கொள்வேன்.

வடிவைப் பற்றியும் ஒன்று. வீட்டு வாயிலிலுங் கோயில் வாயிலிலும் ஒருநாளிற் பன்முறை சப்பாத்தைக் கழற்றும் நமக்கு நாடாவைப் போன்ற தொல்லை பிறிதில்லை. 2021 இல் நைக்கி நிறுவனம் கைபடாது அணியத்தக்க, நடுவில் மடிந்து விரியும் சப்பாத்தொன்றை வெளியிட்டது. என் மாணவர் அதற்குக் காத்திருந்தாரல்லர். குதிப்பக்கத்தை மிதித்து மடித்துச் செருப்பாகவே ஆக்கிவிட்டனர். ஆசிரியன் என்ற முறையில் நாள்தோறுங் கண்டிக்கின்றேன். திறனாய்வாளன் என்ற முறையில் அவர்களை மறுக்க எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.