கைத்தொலைபேசியும் கருத்துரைப்போரும்

இன்று தமிழில் மிக அதிகமாக விமர்சிக்கப்படுவது யாது என எவரேனும் வினவின், நாவல் என்றோ கவிதை என்றோ விடையிறுத்தல் உண்மைக்குப் புறம்பாகும். மிக அதிகமாக விமர்சிக்கப்படுவது கைத்தொலைபேசியே. உயர்தர வகுப்பிலே தமிழை ஒரு பாடமாகப் பயிலும் மாணவனொருவன் ஒரு நூலின் மதிப்புரையை ஒருமுறையேனும் முற்றாகப் படித்திருப்பான் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஆனால் புதிதாகச் சந்தைக்கு வந்த கைத்தொலைபேசி பற்றிய காணொளி மதிப்புரைகள் ஐந்தாறையாவது அவன் ஒப்புநோக்கியிருப்பான்; இன்னார் கூற்று நம்பத்தக்கது, இன்னார் கூற்று நம்பத்தகாதது எனத் தீர்ப்பும் வழங்கியிருப்பான். ஒப்பியல் நோக்கு, தரநிர்ணயம், வாதப் பிரதிவாதம் யாவும் அங்குண்டு. இலக்கிய விமர்சகர் பொறாமை கொள்ளத்தக்க பெருங்கூட்டமும் உண்டு.

எனவே இதனை அற்ப விடயமென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. இலட்சக்கணக்கானோர் விரும்பிக் கேட்பதும், அவர்தம் சொல்லாட்சியையும் சுவையையும் உருவாக்குவதுமான ஒரு கருத்துரை வடிவம், விமர்சனம் என்னும் பெயரையும் தாங்கி நிற்குமாயின், அது விமர்சனத்தின் கடமையை எவ்வளவிற்கு நிறைவேற்றுகின்றது என ஆராய்வது தமிழாசிரியராகிய நமது வேலையேயாகும்.

இம்மதிப்புரைகளை ஊன்றிக் கவனிப்போர்க்கு அவற்றின் அமைப்பு நமது பழைய பிரபந்த மரபை நினைவூட்டாமற் போகாது. முதலிற் பெட்டி திறக்கப்படும். பின்னர் கேசாதிபாதமாக வருணனை தொடங்கும்: திரையின் ஒளி, விளிம்பின் வளைவு, முதுகின் மினுமினுப்பு, கமராவின் கூர்மை, செயலியின் வேகம். ஈற்றில் விலை கூறப்பட்டு, வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு வரும். பெருங்கம்பனிகள் தம் கருவிகளை வெளியீட்டுக்கு முன்னரே மதிப்புரையாளருக்கு இரவலாக அனுப்பிவைப்பதும், குறித்த நாளும் நேரமும் வரும்வரை வாய்திறவாதிருக்க உடன்பாடு செய்துகொள்வதும் இத்துறையின் வழக்கம். பரிசில் பெற்ற பாணன் பரிசில் பெறாத பாணனை வள்ளலிடத்து ஆற்றுப்படுத்தும் பழந்தமிழ் இலக்கிய வகையின் புதிய பிறப்பு இதுவெனலாம். ஒரேயொரு வேறுபாடு: பழைய ஆற்றுப்படையில் வழிகேட்டுச் சென்றவன் யானையும் பொன்னும் பெற்றுத் திரும்பினான், இங்கு வழிகேட்டுச் செல்பவன் தவணைக் கடனோடு திரும்புகின்றான்.

இவர்களுள் நேர்மையாளர் இலர் என்பது நம் கூற்றன்று. தம் பணத்திற் கருவியை வாங்கிச் சோதிப்போரும், குறைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்வோரும் உளர். குறைபாடு தனிமனிதரின் ஒழுக்கத்திலன்று, வடிவத்திலேயே உள்ளது. ஒரு கிழமை கையில் வைத்திருந்து எழுதப்படும் தீர்ப்பு அந்தக் கிழமையை மாத்திரமே அறியும். 2016 ஆகஸ்ட் 19ஆந் திகதி சாம்சங் கம்பனி வெளியிட்ட கலக்சி நோட் 7 என்னும் கருவி மதிப்புரையாளரால் வெகுவாகப் புகழப்பட்டது. இரண்டு கிழமைகளில், செப்டெம்பர் 2ஆந் திகதி, அதன் மின்கலம் தீப்பற்றுகின்றதெனக் கம்பனியே ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 25 இலட்சம் கருவிகளை மீளப்பெற நேர்ந்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்டவையும் தீப்பற்றவே, ஒக்டோபர் 11ஆந் திகதி உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது. தீப்பற்றும் என்பதை மதிப்புரையாளர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமென நாம் சொல்லவில்லை. ஆயினும், காலம் என்னும் பரிமாணமே இல்லாத ஒரு விமர்சனத்தை விமர்சனம் என்று அழைக்கலாமா என்பது கேள்வி.

காலம் இல்லாத இடத்தில் ஞாபகமும் இல்லை. 2016 செப்டெம்பரில் அப்பிள் கம்பனி ஐபோன் 7 இலிருந்து இயர்போன் செருகும் துளையை நீக்கியது. அதற்குக் காரணம் 'துணிவு' என மேடையிற் கூறப்பட்டது. அதே மேடையில் 159 டொலர் விலையுள்ள கம்பியற்ற இயர்போனும் அறிமுகமாயிற்று. சாம்சங் அதனை விளம்பரங்களில் எள்ளி நகையாடியது. 2019இல் நோட் 10 இல் தானும் அத்துளையை அடைத்தது. 2020இல் அப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை அகற்றியபோதும் இதே நாடகம். எள்ளிய சாம்சங் சில மாதங்களில், 2021 ஜனவரியில், அதனையே செய்தது. கருத்துரைப்போர் ஒரு பருவம் முறையிட்டனர். அடுத்த பருவத்தில் அப்பேச்சே எழவில்லை. நேற்றுக் குறையெனப்பட்டது இன்று இயல்பாயிற்று. நூல் விமர்சகனொருவன் ஓராசிரியரின் முந்திய நூலை இவ்வாறு மறந்தானாயின் அவனை நாம் மன்னிப்போமா?

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். 2017 டிசெம்பரில், சில ஆண்டுகள் பழமையான ஐபோன் 6எஸ் வைத்திருந்த சாதாரண பாவனையாளர் ஒருவர், தமது கருவி மந்தமாகிவிட்டதையும், மின்கலத்தை மாற்றியவுடன் அதன் வேகம் அளவுகோலில் வியக்கத்தக்க அளவு உயர்ந்ததையும் இணையத்தில் எழுதினார். அவர் விமர்சகரல்லர். அவருக்குக் கம்பனி எதனையும் அனுப்பி வைக்கவுமில்லை. தம் கையிலிருந்த பொருளை நெடுநாள் பயன்படுத்தியமையால் ஏற்பட்ட ஐயமே அவருடைய தகுதி. வேகத்தை அளக்கும் மென்பொருளை உருவாக்கிய பிரைமேட் லாப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பூல் என்பவர், பெருந்தொகையான கருவிகளின் அளவீடுகளை ஆராய்ந்து அந்த ஐயம் தக்கதே எனக் காட்டினார். சில நாட்களில் அப்பிள் உண்மையை ஒப்புக்கொண்டது: மின்கலம் தேய்ந்த கருவிகளை மென்பொருளின் மூலம் மந்தமாக்கிக்கொண்டிருந்தது.

செயலின் காரணம் முற்றிலும் பொய்யன்று. இலித்தியம்-அயன் மின்கலம் முதுமையடையுந்தோறும் அதன் உட்தடை கூடும். செயலி திடீரென மிகுந்த மின்னோட்டத்தைக் கோரும்போது அழுத்தம் வீழ்ந்து கருவி அணைந்துவிடும். அதனைத் தவிர்க்கவே வேகம் குறைக்கப்பட்டது. ஆனால் இதனைப் பாவனையாளருக்குத் தெளிவாக ஏன் சொல்லவில்லை? 'உன் கருவி கெடவில்லை, மின்கலத்தை மாத்திரம் மாற்று' என்ற ஒரு வசனம் எத்தனை புதிய கருவிகளின் விற்பனையைத் தடுத்திருக்கும்! டிசெம்பர் 28ஆந் திகதி கம்பனி மன்னிப்புக் கோரி, 79 டொலராயிருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 டொலராகக் குறைத்தது. 2020 பெப்ரவரியில் பிரெஞ்சு அரசின் நுகர்வோர் காப்புத் துறை, விடயத்தை மறைத்தமைக்காக 250 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது தண்டத்தின் தொகையையன்று. தொழில்முறை மதிப்புரைகள் மலையெனக் குவிந்திருந்தும், உண்மையை நோக்கி முதலடி எடுத்துவைத்தது தன் பழைய கருவியைப் பற்றிய பாவனையாளனின் அன்றாட அபிப்பிராயமே. மக்களின் அன்றாட அபிப்பிராயம் இழிந்ததென எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். கைத்தொலைபேசி பற்றி ஆசிரியராகிய நாம் வளர்த்துவரும் இலக்கியம் யாது? 'கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்' என்னும் கட்டுரைத் தலைப்பே. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும் என்ற உவமையோடு தொடங்கி, இளைய சமுதாயம் சீரழிகின்றது என்ற புலம்பலோடு முடியும் அக்கட்டுரையை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் திருத்துகின்றோம். மதிப்புரையாளன் கருவியைத் தெய்வமாக்குகின்றான், நாம் பேயாக்குகின்றோம். இரண்டிலும் கருவியே கர்த்தா. அதனைச் செய்தவர், விற்றவர், வாங்க இயலாதவர் எவரும் அக்கதையில் இல்லை. மனிதரிடையே உள்ள உறவு பொருள்களிடையே உள்ள உறவாகத் தோற்றமளிப்பதை 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதல் அத்தியாயம் விளக்கியிருக்கின்றது. அதனைப் படித்த நண்பர்களும் பரீட்சைத் தாளில் இக்கட்டுரைக்கே புள்ளி வழங்குகின்றனர் என்பதுதான் வேடிக்கை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பேய் ஒரே இரவில் பாடசாலையாயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி. அதுவும் பகலில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இரவு பத்து மணிக்குப் பிறகு, மங்கலான நிழற்படமாக எடுக்கப்பட்ட விடைகளை அனுப்பிய மாணவர் நம் எல்லோருடைய வகுப்புகளிலும் இருந்தனர். ஊவா மாகாணத்துப் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை கிடைக்கும் பாறையொன்றை நாடிக் காட்டு வழியே ஏறிச் சென்றமை 2021இல் உலகச் செய்தியாயிற்று. அப்பிள்ளைகளிடம் 'நன்மை தீமை' கேட்பது எவ்வகை நியாயம்? அவர்களைப் பொறுத்தவரை வினா ஒன்றே: யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைக்கவில்லை?

அதனையடுத்து 2022இன் நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. புதுக் கருவி கனவாகிவிட, சனங்கள் திருத்துமிடங்களை நாடினர். நகரத்துச் சந்தியில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியின் பின்னே உருப்பெருக்கியும் பற்றாசுக்கோலும் கொண்டு அமர்ந்திருக்கும் திருத்துநரே இத்துறையின் உண்மையான விமர்சகர் என்பது நமது துணிபு. கருவியின் உள்ளே அவர் காண்பதை மதிப்புரையாளன் காண்பதில்லை. பசையால் ஒட்டி, கழற்றமுடியாதபடி செய்யப்பட்ட மின்கலம். சாதாரண திருப்புளிக்கு இடங்கொடாத ஐந்திதழ்த் தலைத் திருகாணி. தொடரிலக்கம் ஒவ்வாத உதிரிப்பாகத்தைக் கண்டவுடன் எச்சரிக்கும் மென்பொருள். இவையெல்லாம் தற்செயலல்ல, யாரோ எடுத்த முடிவுகள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28 முதல் ஒரே வகை மின்னேற்றத் துளையைக் கட்டாயமாக்கியதும், 2025 ஜூன் 20 முதல் உதிரிப்பாகங்களை நெடுங்காலம் கிடைக்கச் செய்யவேண்டுமென விதித்ததும் இத்தகைய முடிவுகளை மாற்றமுடியும் என்பதற்குச் சான்று.

கருவியைத் திறந்து பார்க்கும் அறிவு நமது மண்ணுக்குப் புதியதுமன்று. 1990களில் வடபுலத்திற்கு மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னாற் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வானொலி தெய்வமுமன்று, பேயுமன்று. அதன் உள்ளே என்ன இருக்கின்றது, அதற்கு எத்தனை வோல்ற் வேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

உற்பத்தி செய்தோரின் குரல் மாத்திரம் இன்னும் எஞ்சி நிற்கின்றது. சீனாவின் ஷென்ஷென் நகரிலே, அப்பிள் முதலிய கம்பனிகளுக்குக் கருவி பொருத்திக் கொடுக்கும் பொக்ஸ்கொன் தொழிற்சாலைகளில் 2010இல் இளந்தொழிலாளர் பலர் அடுத்தடுத்துத் தம்முயிரை மாய்த்தனர். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அதே நிறுவனத்தின் பொருத்துவரிசையில் வேலை செய்த சூ லிஸி என்ற இளைஞர் கவிதை எழுதினார். 1990இற் பிறந்த அவர், புத்தகங்களோடு தொடர்புள்ள தொழிலொன்றைத் தேடியும் கிடைக்காது, 2014 செப்டெம்பர் 30ஆந் திகதி தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய கவிதைகள் நூலாக வெளிவந்தன. திருகாணியையும் இரவுவேலையையும் பாடிய அக்கவிதைகளை, கைத்தொலைபேசி பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றுள் மிக முழுமையான மதிப்புரை என நாம் கொள்கின்றோம். மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகின்றது. அங்குச் சிறுவரும் சுரங்க வேலையில் ஈடுபடுத்தப்படுவதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் அறிக்கையாக வெளியிட்டது. அச்சிறுவருள் எவர் எழுதியதும் இன்னும் நம் கைக்கு எட்டவில்லை.

'பத்து நிமிடக் காணொளியில் கமரா பற்றிச் சொல்லும் இளைஞனிடம் அரசியற் பொருளாதாரத்தையும் கேட்கிறீர்களா?' என நண்பர் சிலர் வினவக்கூடும். அனைத்தையும் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு உழைக்கும், மின்கலத்தை யார் மாற்றலாம், என்ன செலவாகும் என்னும் மூன்றையேனும் கேட்கின்றோம். ஏனெனில் வாங்குபவனின் பல மாதச் சம்பளம் அங்கே கைமாறுகின்றது. 2022இல் மாத்திரம் உலகில் 620 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததெனவும், அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே எனவும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. முதுகின் மினுமினுப்பைப் பற்றிப் பேச நேரமுண்டெனில் இதற்கும் ஒரு நிமிடம் உண்டு.

ஆசிரியரிடம் கேட்பது இதனிலும் எளிது. 'நன்மை தீமைகள்' என்ற தலைப்பைக் கைவிட்டு, வீட்டிலுள்ள பழைய கைத்தொலைபேசிக்கு ஒரு மதிப்புரை எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். எந்த ஆண்டு வாங்கப்பட்டது, அது தாயின் எத்தனை நாட் கூலி, எத்தனைமுறை யாராலே திருத்தப்பட்டது, வீட்டில் அதனை முதலில் எடுப்பவர் யார், கடைசியாகப் பெறுபவர் யார் என்பவற்றை விசாரித்து எழுதட்டும். பெண் பிள்ளைகளின் கட்டுரைகள் இறுதி வினாவுக்கு எத்தகைய விடையளிக்கும் என்பதை நாம் ஓரளவு ஊகிக்கலாம். இதற்குப் புள்ளித்திட்டம் இல்லையெனச் சக ஆசிரியர் சிலர் மறுப்பர். ஒன்பதாந் தரத்தில் தொடங்கலாம். அங்கே பொதுப் பரீட்சை இல்லை.