கலைவிழா மேடையும் மன்னார்க் கரையும்

பல்கலைக்கழக மாணவரின் ஆண்டுக் கலைவிழா பெரும்பாலும் விமரிசனத்துக்கு உட்படாத நிகழ்ச்சியாகவே இருந்து வருகின்றது. விழா முடிந்து மண்டபத்து நாற்காலிகள் அடுக்கப்படுவதோடு அது பற்றிய பேச்சும் ஓய்ந்துவிடும். மாணவர் முயற்சிதானே என்ற இரக்கமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சில இத்தகைய மாணவர் மேடைகளிலேயே நிகழ்ந்தன. அம்மேடையை இரக்கத்தோடு நோக்குதல் அதனைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

1930களின் பிற்பகுதியிலே, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தமிழ் மாணவர் நடிப்பதற்கென்று பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என நூலுருப் பெற்றன. பார்சி மரபு வழிவந்த பாட்டும் செயற்கையான செந்தமிழ் வசனமும் நாடகமென்று கொள்ளப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களிற் பேசப்படும் தமிழ் அந்நாடகங்கள் வாயிலாக மேடையேறியது. அது துணிவான செயல். ஆயினும் அத்துணிவின் பின்விளைவு ஒன்றும் உண்டு. நாளடைவில் மாணவர் மேடையிலே யாழ்ப்பாணப் பேச்சே இயல்பான பேச்சு என்றாகி, ஏனைய பிரதேசத்தார் பேச்சு சிரிப்புக்குரிய பேச்சாக ஒதுங்கியது. கணபதிப்பிள்ளை தம் பாத்திரங்களின் மொழியை உள்ளிருந்து கேட்டு எழுதினார். பின்வந்தோர் பலர் பிறர் மொழியை வெளியே நின்று போலச் செய்தனர். முன்னையது நாடகம், பின்னையது வெறும் விகடம்.

இரண்டாவது திருப்பம் பேராதனையில் நிகழ்ந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள நாடக உலகை அதிரவைத்தது. அதன் நடிகரிற் பலர் பல்கலைக்கழக மாணவரே. சிங்கள நாடகம் என்னும் கூத்து வடிவத்தைச் சரச்சந்திரர் அதற்கு ஆதாரமாகக் கொண்டார். அவ்வடிவமோ மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கரிடையே தமிழ்க் கூத்தின் தொடர்பால் உருவானது என்பதை அவரே தமது ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டியிருந்தார். தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த ஒன்று சிங்கள மேடையில் மறுபிறப்பு எடுத்தமை தமிழ் விரிவுரையாளரைச் சிந்திக்க வைத்ததில் வியப்பில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), அதனையடுத்து ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’ (1968) எனப் பேராதனை மாணவர் கூத்தாடினர். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிப் படச்சட்ட மேடைக்கு வந்தது. கூத்தாடியை இழிவாக நோக்கிய படித்தவர் சமூகம் எழுந்து நின்று கைதட்டியது. இச்சாதனையைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மையாகும்.

எனினும் ஒரு செய்தி நோக்கற்பாலது. இதே காலப்பகுதியில் வித்தியானந்தன் மன்னார்ப் பிரதேசத்தின் செல்வங்களையும் பதிப்பித்துக்கொண்டிருந்தார். ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ 1964இலும், ‘எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம்’ அதே ஆண்டிலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் வெளிவந்தன. அதாவது மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் பல்கலைக்கழகத்தின் மேடைக்கு வந்தன. மன்னாரின் பாங்குகள் பல்கலைக்கழகத்தின் அச்சுக்கு வந்தன. மேற்சொன்ன நான்கு தயாரிப்புகளுள் மன்னார்ப் பாங்கில் அமைந்தது ஒன்றேனும் இல்லை. சிங்கள நாடகத்தின் உறவு மரபென்று சொல்லத்தக்க கத்தோலிக்கக் கூத்து, ‘மனமே’யின் தூண்டுதலாற் பிறந்த இயக்கத்திலே ஏட்டுச் சுவடியாகவே நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் ஓரவஞ்சனை என்று கூறுவது எளிது, ஆனாற் பொருந்தாது. மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம் மேலோங்கி நிற்கும். ஊரிலே அண்ணாவியாரிடம் ஆடிப் பழகிய மாணவரும் பேராதனையில் இருந்தனர். மன்னார்க் கூத்திலோ பாட்டே உயிர். ஆட்டம் அடங்கி, இராகமும் பிற்பாட்டும் எழும்பி, கேட்போனைப் பொறுமையோடு இருத்திவைக்கும் மரபு அது. தமிழறியாத பார்வையாளனும் கண்ணாற் சுவைக்கத்தக்க ஒன்றை வேண்டி நின்ற மேடை ஆட்டத்தைத் தெரிந்தது இயல்பே. ஆயின் அன்று ஒரு தேவைக்காகச் செய்யப்பட்ட தெரிவு இன்று விதியாகிவிட்டது. கண்ணைக் கவராதது கலைவிழாவுக்கு ஆகாது என்பதே அவ்விதி.

இன்றைய கலைவிழாவின் அமைப்பு அவ்விதியை மேலும் இறுக்குகின்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு நிகழ்ச்சி, நடுவர் மூவர், புள்ளித்தாள், இடையிடையே அறிவிப்பாளரின் நகைச்சுவை. சுருக்குதல் தன்னளவிற் குற்றமன்று. பல இரவுகள் நீளும் நாடகங்களை ஓரிரவுக்கு அடக்கி வாசகப்பா என்ற வடிவத்தை மன்னாரார் தாமே கண்டவர்கள். அவர்கள் சுருக்கியபோது கதையைக் காப்பாற்றினர். பாட்டைக் குறைத்து வசனத்தாற் கோத்தனர். மாணவர் மேடையோ கதையை விட்டு வரவுப்பாட்டை மட்டும் நறுக்கி எடுக்கிறது. அரசன் வருகிறான், தன் பெயர் சொல்கிறான், திரை விழுகிறது. எதற்கு வந்தான் என்பதை எவரும் கேட்பதில்லை.

அம்பாப் பாட்டின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கரைவலை இழுப்போர் பாடும் பாட்டு அது. ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். அதன் தாளத்தை நிர்ணயிப்பது கைத்தாளமன்று, வலையின் பாரம். பாரம் ஏறும்போது பாட்டு மெதுவாகும். மடி கரையை அண்ணளவாகத் தொடும்போது விரையும். கலைவிழா மேடையிலே ஒரே ஒலிவாங்கியின் முன் ஒருவர் நின்று, மின்விசைப் பலகையின் மாறாத தாளத்துக்கு அதனைப் பாடும்போது கேட்பது அம்பாவின் சொற்களே, அம்பா அன்று. மாணவியர் சிலர் நீலப் பட்டுத்துணியை அலையாக அசைப்பதும் உண்டு. அந்த அலையில் மீனும் இல்லை, வலையும் இல்லை. பல கரைகளில் இழுவை இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கிவிட்ட பின், அம்பாவைக் கேட்கக்கூடிய இடங்கள் அருகி வருகின்றன. மேடையே அதன் இறுதிப் புகலிடமாகுமெனின், புள்ளித்தாளின் அவசரத்தில் அதனை ஒப்பேற்றுவது பொறுப்புள்ள செயலாகாது.

மன்னார் நகரத்து உப்புக்குளத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இப்பிரச்சினையின் முழு ஆழமும் புலனாகும். கடற்றொழிலை நம்பிய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் ஊர் அது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் வெளியேறினர். பெருந்தொகையினர் புத்தளத்தில் அகதிகளாயினர். 2009இன் பின் ஒரு பகுதியினர் திரும்பினர். இவ்வூர்ப் பிள்ளையொன்று பல்கலைக்கழகத்துக்கு வருமாயின், அதன் நாவில் மன்னார்ப் பேச்சும் புத்தளப் பேச்சும் கலந்திருக்கும்; அதன் நினைவில் பாட்டியின் ஊரும் முகாமின் ஊரும் கலந்திருக்கும். கலைவிழா அப்பிள்ளைக்கு நீட்டும் இடம் யாது? களிகம்பு நிகழ்ச்சி ஒன்று, அல்லது நாடகத்தில் வியாபாரி வேடம். களிகம்பு அழகிய கலை. ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் ஒரு கோலாட்டத்துக்குள் அடக்கி, நல்லிணக்கம் காட்டிவிட்டதாக ஏற்பாட்டுக் குழு நிறைவு கொள்வது மலினமான நிறைவு. வியாபாரி வேடத்தின் பேச்சுக்குக் கிடைக்கும் சிரிப்போ அதனினும் கொடியது. மண்டபத்தின் பின்வரிசையில் அப்பேச்சையே வீட்டில் பேசும் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பது சிரிப்பவர்க்குத் தெரிவதில்லை.

மாணவர் மீது மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. 1960களின் கூத்து மேடை விரிவுரையாளர் ஊர் ஊராகச் சென்று அண்ணாவிமாரைச் சந்தித்ததன் பேறு. மாணவர் மாதக்கணக்கில் ஒத்திகை செய்தனர். இன்று தமிழ்த்துறைகள் கூத்தைப் பரீட்சைக்குரிய பாடமாகக் கற்பிக்கின்றன. கலைவிழாவை மாணவர் ஒன்றியத்திடம் விட்டுவிடுகின்றன. மூவிராசாக்கள் நாடகம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் அதன் ஓர் இராகத்தையேனும் காதாற் கேட்டிராத நிலை இதனாலேயே நேர்கின்றது. நடுவராக அழைக்கப்படும் விரிவுரையாளர் ‘மேடை அலங்காரம்’ என்ற தலைப்பின் கீழ்ப் புள்ளியிடுகிறார். ‘பிற்பாட்டு’ என்று ஒரு தலைப்பு அத்தாளில் இல்லை. அதனைச் சேர்க்கும் அதிகாரமும், பத்து நிமிடத்தை நாற்பதாக்கும் அதிகாரமும், மன்னாரிலிருந்து ஓர் அண்ணாவியாரை ஒத்திகைக்கு அழைக்கும் அதிகாரமும் அவரிடமே உள்ளன.