வல்லரசு: ஒரு சொல்லின் இடமாற்றம்

'வல்லரசு' என்பது ஒரு காலத்தில் தமிழில் ஏறக்குறைய வசைச்சொல். பனிப்போர்க் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வல்லரசுகளின் போட்டி, வல்லரசுகளின் பிடி, வல்லரசுகளின் ஆயுதக் குவிப்பு என்றுதான் அச்சொல் வரும். பெரும்பாலும் பன்மையில், வெளியே, நமக்கு எதிரே. வல்லரசு என்றால் அடுத்தவன். நாம் அணிசேரா நாடு, ஏழை நாடு, ஆனால் யோக்கியமான நாடு. (இந்த யோக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்குப் பிறகு வருவோம்.) 1998 மே மாதத்துக்குப் பின் இதே சொல் ஒருமைக்கு மாறி நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2000-இல் விஜயகாந்த் படத்துக்கே அது பெயராயிற்று. பள்ளி ஆண்டுவிழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'இந்தியா வல்லரசாகும்' என்று மனப்பாடமாக ஒப்பிக்க, பெற்றோர் கை தட்டினார்கள். வசை எப்படி வாழ்த்தாயிற்று? சொல்லின் பொருள் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சொல்லுகிறவன் நிற்கிற இடம் மாறியிருக்கிறது.

அப்துல் கலாமும் ஒய்.எஸ்.ராஜனும் எழுதிய 'இந்தியா 2020' வெளிவந்ததும் 1998-இல்தான். 'வளர்ந்த நாடு' என்று அவர்கள் எழுதியதை நம் மேடைகள் 'வல்லரசு' என்று எடுத்துக்கொண்டன. இந்தச் சறுக்கல் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. வளர்ச்சி என்ற சொல்லுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் எத்தனை, ஆஸ்பத்திரி எத்தனை என்று யாராவது கேட்பார்கள். வல்லரசுக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்க்கிறவன் ஒப்புக்கொண்டால் போதும். 2020-உம் வந்தது. மார்ச் 24 இரவு, நான்கு மணிநேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. பிழைக்கப் போனவர்கள் மூட்டையோடு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அதைச் சொல்லிக்காட்டிக் கட்டுரையை முடித்துவிடலாம்தான். ஆனால் அது ரொம்ப சுலபம்.

நம் தோழர்கள் வழக்கமாக வைக்கிற மறுப்பும் சுலபமானதுதான். 'சோத்துக்கு வழியில்ல, ராக்கெட் எதுக்கு?' 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டம், அது போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம். இரண்டு இறக்கங்களையும் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் வயிறு எரியும். எரியட்டும். ஆனால் இந்த வாதம் வல்லரசு ஆசையின் மேல் கை வைப்பதில்லை. வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறது. முதலில் கக்கூஸ், அப்புறம் ராக்கெட். 'ரெண்டையும் செய்யறோம்' என்று எதிராளி சொல்லிவிட்டால் நம்மிடம் பதில் கிடையாது. சீனாவைக் காட்டுவான். அங்கே வறுமையும் குறைந்தது, ராக்கெட்டும் பறக்கிறது. அப்போது நாம் என்ன செய்வோம், ஆரத்தி எடுப்போமா?

ஆகவே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். 'வல்லரசாகப் பார்க்கப்படுதல்' என்பது செயப்பாட்டு வினை. பார்க்கிறவர் யார்? எங்கே நின்று?

நம் தேசியக் கதையாடலில் காலனியும் வல்லரசும் இரு எதிர் முனைகள். அடிமைப்பட்டுக் கிடந்தோம், விடுதலை பெற்றோம், தவழ்ந்தோம், எழுந்தோம், இதோ நிமிர்ந்து நிற்கிறோம். வரலாறு இந்த ஒழுங்கில் நடக்கவில்லை. காலனியாக இருந்தபோதே 'இந்தியா' என்ற அரசு உலக மேசையில் இடம்பிடித்துவிட்டது. 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக். ஏறக்குறைய 11 வாரம் கழித்து, ஜூன் 28 அன்று, வெர்சாய் உடன்படிக்கையில் வென்ற நாடுகளோடு வரிசையாக 'இந்தியா'வும் கையெழுத்திட்டது. போட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராஜாவும். சர்வதேச சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒன்று, சொந்தமாக ஒரு முடிவும் எடுக்க முடியாத இந்த இந்தியா. 1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்திலும் அப்படியே. அங்கே இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம ஊர் நீதிக்கட்சித் தலைவர் ஆற்காடு இராமசாமி முதலியார். காங்கிரஸ்காரர்கள் அவரை அரசாங்கத்தின் ஆள் என்றார்கள், சரிதான். ஆனால் அவர் வாங்கிவைத்த நாற்காலியில் இரண்டு வருஷம் கழித்துச் சுதந்திர இந்தியா போய் உட்கார்ந்தது. நாற்காலியை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஏன் அந்த நாற்காலி கிடைத்தது? ரத்தத்துக்குக் கிடைத்த விலை. முதல் உலகப்போரில் ஏறக்குறைய 13 லட்சம் பேர், இரண்டாவதில் 25 லட்சம் பேர் இங்கிருந்து பிரிட்டனுக்காகப் போனார்கள். அதற்கு முன்பே 1824-இல் பர்மாவைப் பிடிக்கச் சென்னைப் பட்டாளம் போயிற்று. 1900-இல் சீனாவில் பாக்ஸர் எழுச்சியை நசுக்கவும் இந்தியச் சிப்பாய் போனான். சூயஸுக்குக் கிழக்கே பிரிட்டிஷ் வல்லரசின் உடம்பு இந்திய உடம்பு. தலை மட்டும் லண்டனில். 1947-இல் தலை கிளம்பிப் போனது, உடம்பு இருந்தது; அந்த உடம்புக்கு ஒரு ஞாபகமும் இருந்தது. இந்தியாவை மையமாக வைத்துச் சுற்றிலும் எல்லை, அதற்கப்பால் இன்னொரு எல்லை என்று வட்டம் போட்டுப் பார்ப்பது கர்சன் பிரபுவின் புவியரசியல். 1945-இலேயே கே.எம்.பணிக்கர் இந்தியப் பெருங்கடல் பற்றி எழுதிய நூலில், தகுந்த இடங்களில் தளங்கள் அமைத்து இக்கடலை இந்தியா காக்க வேண்டும் என்கிறார். நாடு இன்னும் விடுதலையே ஆகவில்லை ஐயா, அதற்குள் கடலுக்குக் கணக்கு. நேருவும் சிறையிலிருந்து எழுதிய நூலில் சிறிய தேசங்களின் காலம் முடிந்தது என்றுதான் கருதினார். அணிசேராமையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பாண்டுங்கில் 1955-இல் கூடிய 29 நாடுகளின் ஆவேசம் உண்மை. ஆனால் அதே வீட்டில் கர்சனின் வரைபடம் சுவரிலிருந்து கழற்றப்படவில்லை.

1974-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 8-இல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கில் கைது. ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. மே 18 அன்று பொக்ரானில் குண்டு வெடித்தது. 'சிரிக்கும் புத்தர்' என்று பெயர் வைத்தார்கள். (புத்தரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா தெரியவில்லை.) மே 27-இல் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நாடு பெருமையில் இருக்கும்போது கூலி கேட்கிறவன் துரோகியாகத் தெரிவான். அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். 24 வருஷம் கழித்து, அதே பொக்ரானில், புத்த பௌர்ணமியன்று மறுபடியும் குண்டு வெடித்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரும் அதே பெர்னாண்டஸ்தான். தனிமனிதத் துரோகம் என்று இதை வாசிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எதிர்த்து நின்றவனைக்கூட உள்ளே இழுத்துப் பேசவைக்கிற வலிமை இந்தச் சொல்லாடலுக்கு உண்டு என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

சரி, பார்க்கிறவருக்கு வருவோம். இந்தியாவை வல்லரசாகப் பார்த்தவர்கள் பட்டியலில் வாஷிங்டன் ரொம்பப் பின்னால் வருகிறது. யாழ்ப்பாணத்தார் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள், அதுவும் தலைக்கு மேலே. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் துணையோடு வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 'பூமாலை நடவடிக்கை' என்று பெயர். கூரைமேல் ஏறிக் கையசைத்தவர்கள் உண்டு. ஜூலை 29-இல் ஒப்பந்தம், மறுநாளே படை. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தின் மேல் ஷெல் அடித்தது. அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது. 'முறிந்த பனை' இதைப் பதிவு செய்திருக்கிறது; அந்நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திரணகம 1989-இல் கொல்லப்பட்டார். ஈழத்துத் தமிழில் 'பிராந்திய வல்லரசு' என்றொரு தொடர் புழக்கத்தில் இருந்ததே, அதன் பொருள் புரிய நமக்கு அகராதி வேண்டாம், இந்த நாலு மாத நாட்காட்டி போதும். 'ஆக்கிரமிப்பு' என்று அவர்கள் சொன்னதை 'அமைதிப்படை' என்று நாம் சொன்னோம். ஒரே மொழிதான், ஒரே லிபிதான்.

தென்னிலங்கையில் ஜே.வி.பி.யும் இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றித் தன் தோழர்களுக்கு வகுப்பெடுத்தது. அந்த வகுப்பு மலையகத் தமிழரை இந்தியாவின் கையாள் என்று காட்டவும் பயன்பட்டது. ஆகவே சின்ன நாட்டின் கண் என்பதாலேயே அது புனிதமான கண் ஆகிவிடாது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1989-க்கு வாருங்கள். மார்ச்சில் நேபாளத்துடனான வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானதும் இந்தியா பெரும்பாலான எல்லை வழிகளை மூடியது. கடலில்லாத நாட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. இலங்கையில் படை இன்னும் இருக்கிறது. முந்தின நவம்பரில்தான் மாலத்தீவுக்குப் படை போய்வந்திருக்கிறது. ஏப்ரலில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் அட்டையில் போட்டது: 'சூப்பர் இந்தியா.' அதாவது பக்கத்து வீட்டுக்காரனின் கழுத்தில் கை வைத்த பிறகுதான் தூரத்துப் பெரியவர் 'பையன் வளர்ந்துட்டான்' என்கிறார். அண்டைநாட்டின் அச்சத்தை மேலைநாடு மதிப்பெண்ணாக மொழிபெயர்க்கிறது. அந்த மதிப்பெண்ணை நாம் சுயமரியாதை என்று வாசிக்கிறோம்.

இந்த மதிப்பெண் பட்டியலின் பிற்காலம் எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாகத் தாண்டலாம். 1991 ஜூலையில் கையிருப்பு வற்றி 47 டன் தங்கம் விமானமேறி பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்துக்குப் போயிற்று. பழைய எஜமானனிடமே அடகு. 2001-இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் பொருளியலாளர் ஒருவர் நான்கு நாடுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிரிக்' என்று கூப்பிட்டார். பணம் போடுகிறவர்களுக்கான குறிப்பு அது. 2009-இல் அந்த நான்கு நாட்டுத் தலைவர்களும் ரஷ்யாவில் கூடி அந்தப் பெயரிலேயே மாநாடு நடத்தினார்கள். வங்கிக்காரர் கூப்பிட்டதற்கு நாடுகள் 'வந்தேன்' என்று குரல் கொடுத்திருக்கின்றன. அல்தூஸரை அரைகுறையாகப் படித்தவருக்குக்கூட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2022-இல் மொத்த உற்பத்தியில் இந்தியா பிரிட்டனைத் தாண்டிவிட்டது என்று இனிப்பு வழங்காத குறை. தலைக்கு வருமானத்தில் பிரிட்டன் பதினைந்து மடங்குக்கும் மேலே இருக்கிறது என்பதை விடுங்கள். யாரைத் தாண்டினால் இனிக்கிறது பாருங்கள். இது வெறும் நகல் அல்ல, அடக்கியவனை உள்ளே வாங்கிக்கொள்வது என்று ஆசிஷ் நந்தி 1983-இலேயே எழுதிவிட்டார்.

உள்ளேயிருந்து பார்க்கிறவரும் உண்டு. கூடங்குளம் ஒப்பந்தம் 1988-இல் ராஜீவும் கோர்பச்சேவும் போட்டது. 2011-இலிருந்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் கேட்டதெல்லாம் கடல் சூடானால் மீன் என்னாகும், விபத்து நடந்தால் எந்த ரோட்டில் ஓடுவது என்பதுதான். பதிலாக ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. மீன் பற்றிய கேள்விக்குத் தேசம் பற்றிய குற்றச்சாட்டு எப்படிப் பதிலாகிறது? வல்லரசாகிக்கொண்டிருக்கும் நாட்டில் கடற்கரை என்பது அணுஉலைக்கான இடம். அங்கே வாழ்கிறவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்கள்.

1951 அக்டோபர் 10 அன்று அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது தயாரித்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வாசிக்க முடியவில்லை. பிரதியை முன்கூட்டியே கொடு என்றார்கள். எழுந்து வெளியே வந்து பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். இந்து சட்ட மசோதாவைக் கைவிட்டதற்காக விலகினார் என்று மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே அறிக்கையில் தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுவதும் இருக்கிறது, வெளியுறவுக் கொள்கையும் இருக்கிறது. ஆண்டு வருவாய் 350 கோடியில் ராணுவத்துக்கு 180 கோடி போகிறது, நமக்கு நண்பர்கள் இல்லாததால்தான் இந்தச் செலவு என்கிறார். வரிசையை மாற்று என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. யாரோடு எப்படி இருக்கிறோம் என்பதால் இந்தச் செலவு வருகிறது என்று உறவைக் கேள்வி கேட்கிறார். சேரிக்கும் காஷ்மீருக்கும் ராணுவக் கணக்குக்கும் நடுவே அவர் போட்ட இந்தக் கோட்டை நம் தலித் எழுத்தும் இடதுசாரி எழுத்தும் தொடர்ந்து இழுத்திருக்க வேண்டும்.

1990 மார்ச் 24 அன்று படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கிளம்பிவிட்டது. சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. சென்னையில் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அதை அவர்மேல் தேசவிரோதக் குற்றச்சாட்டாகப் பல வருஷம் சுமத்தினார்கள்.