போக்காடும் துப்புரவாளரும்

இணையத்தில் பெருகிவரும் தீமையைக் குறித்து நம் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி எச்சரிப்பு எழுகின்றது. கண்களைக் காத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடாதிருங்கள் என்கிறோம். இவ்வெச்சரிப்பு தேவையே. ஆயினும், நம் கண்ணுக்கு எட்டுமுன்னே அகற்றப்படும் தீமையை அகற்றுகிறவர் யார், அவர் என்னவாகிறார் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும் ஆவணப்படம் ஒன்றை இறையியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பிளாக், மோரிட்ஸ் ரீசவீக் ஆகிய இருவரும் இயக்கிய 'தி கிளீனர்ஸ்' (துப்புரவாளர்கள்) 2018இல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில், ஒப்பந்த நிறுவனங்களின் அறைகளில் அமர்ந்து, சமூக வலைத்தளங்களில் உலகத்தார் ஏற்றும் படங்களைப் பார்த்து, நீக்குவதா விடுவதா எனச் சில நொடிகளில் தீர்ப்பளிக்கும் இளைஞர்களை அது நமக்குக் காட்டுகின்றது. நாளொன்றுக்கு 25,000 படங்களைப் பார்ப்பது இலக்கு எனப் படம் கூறுகின்றது. கொலை, தற்கொலை, சிறுவர்மீது இழைக்கப்படும் பாலியற் கொடுமை ஆகியவையே அவர்களுடைய அன்றாடக் காட்சிகள். தம் பணியை வெளியில் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடும் அவர்களுக்கு உண்டு. தம்மைத் தாமே வதைத்துக்கொள்வோரின் காட்சிகளைப் பார்த்துவந்த ஊழியர் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதையும் படம் தெரிவிக்கின்றது.

மறைக்கப்பட்ட முகங்களை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது இப்படத்தின் பெருஞ்சிறப்பு. எனினும் இரண்டு குறைகளைச் சுட்டாதிருக்க இயலாது.

முதலாவது, படம் தன் மையத்தை விட்டு அலைகின்றது. ஒருபுறம், கலைப்படைப்புகளும் போர்க்காட்சிகளும் தகாதவாறு நீக்கப்படுகின்றன என முறையிடுகின்றது. மறுபுறம், மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான பகைமொழி நீக்கப்படாமல் பரவியதை எடுத்துரைக்கின்றது. இரண்டும் உண்மையே. ஆனால் இவை விதிகளை வகுப்போரின் குற்றங்கள்; பணியாளரின் குற்றங்கள் அல்ல. 1972இல் வியட்நாமில் நேப்பாம் குண்டுவீச்சில் எரிந்து, ஆடையின்றி ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் புகைப்படத்தை உலகம் அறியும். பிற்காலத்தில் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, மன்னிப்பைக் குறித்துச் சாட்சி பகர்ந்து வருகிறார். 2016இல் முகநூல் நிறுவனம் அப்படத்தை நீக்கியது. நார்வே நாட்டில் எழுந்த எதிர்ப்பின் பின்னரே மீண்டும் அனுமதித்தது. நிர்வாணத்தை மட்டும் கண்டு, நிந்திக்கப்பட்ட மனிதத்தைக் காணாத விதி அது. தீமையைக் காட்டும் படம் வேறு, தீமை செய்யும் படம் வேறு என்ற பகுத்தறிவை நொடிகளில் அளந்து தருதல் கூடுமோ?

இரண்டாவது குறையே நமக்கு மிகவும் முக்கியமானது. படத்தில் வரும் பெண் ஊழியர் ஒருவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். பாவம் பரவாமல் தடுப்பதே தம் பணி என அவர் நம்புகிறார். இயக்குநர்கள் இந்நம்பிக்கையை ஒரு காட்சிப் பொருளாகக் காட்டி அமைகிறார்களேயன்றி, அதனை ஆராயவில்லை. உலகத்தின் பாவத்தைத் தன்மேல் ஏற்பது தியாகம் என்று ஒரு பெண் நம்பும்போது, அந்நம்பிக்கையால் ஆதாயம் பெறுபவர் யார்? இவ்வினாவை எழுப்ப வேண்டியது இறையியலாரின் கடமை.

லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் போக்காட்டை நினைவுகூர்வோம். ஆரோன் தன் இரு கைகளையும் அதன் தலைமேல் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களை அறிக்கையிட்ட பின்னரே அது வனாந்தரத்திற்கு அனுப்பப்படுகின்றது. அது சுமப்பது யாருடைய பாவம் என்பதைச் சபை முழுவதும் அறியும். இன்றைய இணையத்திலோ அறிக்கை இல்லை. போக்காடு மட்டும் உண்டு. அதுவும் ஒருவரும் காணாதபடி அனுப்பப்படுகின்றது. கிறிஸ்துவின் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டது என எபிரெயர் நிருபம் போதிப்பதை நாம் மெய்யாகவே விசுவாசித்தால், நம் தூய்மைக்காகக் கூலிக்கு இன்னொரு மனிதனைப் பலியாக்கும் ஏற்பாட்டை ஏற்க இயலாது.

தீய படங்கள் நீக்கப்படவே வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் நீக்குகிறவருக்குப் போதிய ஊதியமும், ஓய்வும், மனநல உதவியும், தம் துயரைப் பேசும் உரிமையும் வேண்டும். அமெரிக்காவில் இப்பணி செய்த 11,000க்கு மேற்பட்டோர் தொடர்பான வழக்கில், 2020இல் முகநூல் நிறுவனம் 5.2 கோடி டாலர் வழங்க இசைந்தது. மணிலாவின் ஊழியர்கள் அதில் அடங்கவில்லை.

பிறர் கழிவைச் சுமக்கப் பிறந்தவர் எனச் சிலரைச் சேரிக்கு ஒதுக்கிவைத்த சமுதாயம் நம்முடையது. அப்பாவத்தில் திருச்சபைக்கும் பங்குண்டு. இந்திய மொழிகளில் வரும் பதிவுகளைச் சலிக்கும் பணி ஐதராபாத்தில் நடைபெறுவது 2019இல் செய்தியாயிற்று. அத்தகைய இளைஞர் ஒருவர் நம் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக் கூடும். அவரிடம் நாம் எப்போதாவது பேசியதுண்டா? மனிதனுக்குள்ளிருந்து புறப்படுவதே அவனைத் தீட்டுப்படுத்தும் என்றார் ஆண்டவர். அவ்வாறு புறப்பட்டதை வேறொருவர் முதுகில் ஏற்றிவிட்டுத் தூயோராய் ஆராதிக்க வருகிறோம். இதனை முதலில் அறிக்கையிடுவோம். எச்சரிப்பு அதன்பின் வரட்டும்.