காசில் இருப்பது யாருடைய முகம்?

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அம்முகம் சிற்பியின் கற்பனை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றைப் பற்றி எழுதும்போது மட்டும் நம்மவர் சிலர் துணிந்துவிடுகின்றனர். சேர மன்னன் மாக்கோதையின் உண்மைத் தோற்றம் இதுவே என்கின்றனர். இத்துணிவுக்குச் சான்று போதாது.

அக்காசில் ஒரு தலை, அதற்கு மேல் தமிழ்ப் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர், பின்புறம் வெறுமை. காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. முகத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள், பெயர் மிஞ்சும். பெயரை மறைத்தாலோ, உரோமானியக் காசின் சாயலில் ஒரு தலைதான் மிஞ்சும். அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன அல்லவா? அச்சு வெட்டியவருக்கு முன்மாதிரி அவையே.

சரி, உரோமானியர் முகங்களாவது உண்மையா? அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது வயது 75. காசுகளிலோ கடைசிவரை இளைஞர்தாம்! நீரோ இதற்கு விலக்கு. ஆண்டுகள் செல்லச்செல்லத் தாடையும் கழுத்தும் பருத்துக்கொண்டே போகின்றன. மாகாணங்களில் அச்சு வெட்டியவர்களுள் பலர் பேரரசரைக் கண்ணால் கண்டதில்லை. வேறொரு காசையோ சிலையையோ பார்த்து வெட்டினர். ஆகவே அறிஞர்கள் முதலில் எழுத்தைப் படிக்கின்றனர். அலெக்சாந்திரியாக் காசுகளில் ஆட்சியாண்டே கிரேக்க எழுத்தில் இருக்கும். எழுத்துத் தேய்ந்தபோதுதான் முகச்சாயல் உதவிக்கு வருகிறது. அதுவும் பெயர் தெளிவான பல காசுகளோடு ஒப்பிட்ட பிறகே. மாக்கோதையை ஒப்பிட நம்மிடம் வேறு சிலையோ ஓவியமோ ஏது?

பௌதிகமும் இங்கே குறுக்கிடுகிறது. அச்சில் முகத்தைக் குழிவாகவும் இடவலம் மாற்றியும் வெட்ட வேண்டும். மேடான மூக்கும் கன்னமும்தாம் முதலில் தேயும். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லும். மூக்கு அசலா என்று சொல்லாது.

பெயரிலும் சிக்கல் உண்டு. கோதை என்பது சேரர் பலருக்கும் பொதுப்பெயர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சங்கப் புலவரே இவர் என்போர் பெயரொப்புமையை வைத்தே சொல்கின்றனர். எனினும் அது வாதிடத்தக்க சான்று. கரூரில் கிடைத்த வேறு காசுகளில் 'கொல்லிப்புறை' என்றிருக்கிறது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூற்றில் உண்டு. எங்கள் மலை சேரர் வசமானதை ஆராய்பவர் பார்க்க வேண்டியது அந்த எழுத்துகளைத்தான்.