காட்டைப் படத்தில் தேடாதீர்கள்

ஓரியன்டீரிங் என்று வாயெடுத்தால் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். "காட்டுக்குள்ள துலைஞ்சு போனால்?" என்பது முதலாவது. "அதைப் பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்பது இரண்டாவது. பதில் சொல்ல மூச்சு எடுப்பதற்குள் கதை கால்பந்துக்குப் போய்விடும்.

ஒஸ்லோவில் தமிழர் நிறைய வாழும் குரூருட் பள்ளத்தாக்கில் அடுக்குமாடிக் கட்டடங்கள் முடிகிற இடத்தில் லில்லோமார்க்கா காடு தொடங்குகிறது. யாருடைய காடாக இருந்தாலும் எவரும் நடந்து திரியலாம் என்பதை 1957இலேயே சட்டமாக எழுதி வைத்த நாடு இது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே திசைகாட்டி பிடிக்கப் பழகி வருகிறார்கள். உலகத்தின் முதல் பொதுப் போட்டி 1897 ஒக்டோபர் 31ஆம் திகதி இதே நகரத்தின் சோர்கெடாலன் பக்கத்துக் காட்டில்தான் நடந்தது. அன்றைக்கு ஓட வந்தவர்கள் 8 பேர். இன்று எந்தப் போட்டிக்குப் போனாலும் வந்திருக்கும் தமிழரை எண்ண ஒரு கை விரல்களே தாராளம். பெற்றோர் எல்லாம் பட்மின்டன் மண்டபத்தில். எரிச்சலாக இருக்கிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், பாடம் வரிசையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு படம், ஒரு திசைகாட்டி. படத்தில் ஊதா முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் போஸ்ட்டுகள், இரட்டை வட்டம் முடிவு. எல்லாப் போஸ்ட்டுக்கும் வரிசை மாறாமல் போய் வரவேண்டும், எந்த வழியால் போவது என்பது உங்கள் பாடு. ஒவ்வொரு போஸ்ட்டிலும் செம்மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு துணி தொங்கும். அங்குள்ள கருவியில் கையிலிருக்கும் மின்னணுச் சில்லை வைத்தால் நேரம் பதிவாகும். குறைந்த நேரத்தில் முடித்தவர் வென்றவர். நிறங்கள்: வெள்ளை என்றால் வெறுமை அல்ல, ஓடக்கூடிய காடு. பச்சை கடுமையாக ஆக நெருக்கமும் கடுமை. மஞ்சள் திறந்த வெளி, நீலம் தண்ணீர், கறுப்பு பாறையும் பாதையும் கட்டடமும். பழுப்பு சமவுயரக் கோடுகள். படத்தின் வடக்கு காந்த வடக்கு. போதும், மிச்சத்தைக் காடு சொல்லித் தரும்.

ஒன்றை மட்டும் இப்போதே தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். இது புதையல் வேட்டை இல்லை. துணியை யாரும் ஒளித்து வைப்பதில்லை, உரிய இடத்துக்கு வந்துவிட்டால் அது கண்ணில் படத்தான் வேண்டும். படத்தோடு தரும் போஸ்ட் விவரத்தாளைப் பாருங்கள்: 47ஆம் இலக்கம், பாறை, ஒன்றரை மீட்டர் உயரம், வடகிழக்குப் பக்கம். இவ்வளவும் சின்னச் சின்னக் குறியீடுகளில் இருக்கும். நீங்கள் ஓடுவது அந்தப் பாறையின் வடகிழக்குப் பக்கத்துக்கு. துணி, வந்து சேர்ந்ததற்கான ரசீது. துணியைத் தேடி மரங்களுக்கிடையே தலையைத் திருப்பித் திருப்பி ஓடுபவரைக் கண்டால், அவர் இன்னும் இந்த விளையாட்டுக்குள் நுழையவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஓரியன்டீரிங்காரர்களில் இரண்டே சாதி. படத்தைப் பார்த்துவிட்டுக் காட்டைப் பார்ப்பவர் ஒருவர். காட்டைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர் மற்றவர். எல்லாரும் இரண்டையும்தானே மாறி மாறிப் பார்க்கிறார்கள், எது முதல் என்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஒரு பாதையின் வளைவில் நிற்கிறீர்கள். போஸ்ட், படத்தில் மூன்று சென்டிமீட்டர் தள்ளி. படம் 1:10,000 என்றால் 300 மீட்டர். இடையில் ஒரு சரிவு, அதில் ஒன்றையொன்று ஒத்த மூன்று மடிப்புகள். நடு மடிப்பின் மேற்புறத்தில் அந்தப் பாறை. முதல் சாதிக்காரர் வளைவிலேயே படத்திலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார்: உயரம் இழக்காமல் சரிவைக் குறுக்கே வெட்ட வேண்டும். 80 மீட்டரில் கீழே இடப்பக்கம் ஒரு சின்னச் சதுப்பு. பிறகு முதல் மடிப்பு, அதைத் தாண்டவேண்டும். அடுத்து வரும் மலைமூக்கின் அடியில் செங்குத்துப் பாறை. மூக்கைச் சுற்றியதும் இரண்டாவது மடிப்பு, அதற்குள் மேலே. இதைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தி ஓடுகிறார். இப்போது காடு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சதுப்பு வந்தால் சரி. 100 மீட்டர் தாண்டியும் வராவிட்டால் ஏதோ பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அவர் இழந்தது சில வினாடிகள்.

இரண்டாமவர் முதலில் ஓடுகிறார். ஒரு சதுப்பு வருகிறது. படத்தைப் பார்க்கிறார்: சதுப்பு எங்கே? நோர்வேக் காட்டில் சதுப்புக்கா பஞ்சம், ஒன்று அகப்படுகிறது. ஆகா, இங்கேதான் நிற்கிறேன். அடுத்து ஒரு மூக்கு தெரிகிறது. படத்தில் மூக்கும் அகப்படுகிறது. படம் தாராள மனசு கொண்டது, எதைக் கேட்டாலும் கொடுக்கும். கேட்டதெல்லாம் கிடைப்பதால் அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் மூன்றாவது மடிப்புக்குள் ஏறி நிற்கிறார். அங்கேயும் ஒரு பாறை உண்டு, துணிகூட இருக்கலாம், ஆனால் இலக்கம் 52. அந்த நேரத்தில் அவர் வாயில் வருகிற வசனம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்: "படம் பிழை."

ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் தனக்குச் சாதகமான சாட்சி தேடுகிறார். முதலாமவரின் எண்ணத்தைக் காடு மறுக்க முடியும். இரண்டாமவருடையதை எதுவுமே மறுக்காது, போஸ்ட் இல்லை என்கிற கடைசி அடியைத் தவிர. நான் இதைக் காட்டுக்கு வெளியே அரசியல் விவாதங்களிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் அந்தப் பக்கம் போனால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பார்வையாளராகிய உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியும். கால்களை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். முதல் சாதிக்காரர் போஸ்ட்டுக்கு வருவதற்கு முன்னரே அடுத்த துண்டைப் படத்தில் வாசித்து முடித்திருப்பார். சில்லை வைத்ததும் தலை நிமிர்ந்தே வெளியேறுவார், போஸ்ட்டில் அவர் நிற்கும் நேரம் கண்ணுக்கே தெரியாது. இரண்டாமவர் சில்லை வைத்துவிட்டு நின்று சுற்றிப் பார்ப்பார், பிறகு படத்தைத் திருப்புவார், பிறகு மறுபடி சுற்றிப் பார்ப்பார். பெருவிரலையும் கவனியுங்கள். நல்ல ஓட்டக்காரரின் பெருவிரல் படத்தில் தான் நிற்கும் இடத்தை விட்டு அகலாது, ஓட ஓடக் கூடவே நகரும். சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி உலகப் போட்டிகளில் 23 தங்கம் எடுத்தவர். 2003இலும் 2005இலும் நான்கு போட்டிக்கு நான்கும் அவருக்கே. அவரைப் பற்றி எழுத வரும்போதெல்லாம் காலையும் நெஞ்சுரத்தையும் புகழ்ந்துவிட்டுப் போகும் விளையாட்டு நிருபர்களை என்ன செய்வது? அவரைவிட வேகமாக ஓடக்கூடிய பெண்கள் தடகளக் கழகங்களில் கிடைப்பார்கள். அவர்களைக் காட்டுக்குள் விட்டால் இருட்டும்வரை வரமாட்டார்கள்.

தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜிபிஎஸ் வால்கள் நிறம் நிறமாகத் திரையில் ஊர, இடப்பக்கம் போனவர் கெட்டிக்காரரா வலப்பக்கம் போனவரா என்று மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். வழித்தேர்வு முக்கியம்தான், இல்லை என்கவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் சில வினாடிகள். வட்டத்துக்குள் நுழையும் கடைசி 100 மீட்டரில் நிமிடங்கள் போகின்றன. அது திரையில் ஒரு சிறிய நடுக்கமாக மட்டும் தெரிவதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்தமுறை நேரலை பார்க்கும்போது நீண்ட வால்களை விட்டுவிட்டு வட்டத்தின் ஓரத்தில் அந்த நடுக்கத்தைத் தேடுங்கள்.

இனி ஒரு சாதாரண ஆளின் ஒரு வாரம், ஜூன் மாதத்தில். திங்கள் ஓட்டமில்லை, முழங்காலுக்கு ஓய்வு. செவ்வாய்தான் எனக்குப் பிடித்த நாள். கழகப் பயிற்சியில் பழுப்பு மட்டும் அச்சிட்ட படம் தருவார்கள். பாதை, பாறை, சதுப்பு எல்லாம் அழிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிக்க எதுவும் இல்லாததால், நிலத்தின் உருவத்தை முன்கூட்டியே மனதில் எழுப்பாமல் ஓர் அடி நகர முடியாது. இரண்டாம் சாதிக்காரரை முதலாம் சாதிக்கு மாற்ற இதைவிட நல்ல மருந்து கிடையாது. புதன்கிழமை மேட்டில் ஏறி இறங்கி ஓட்டம். நல்லதுதான், சொல்ல எதுவுமில்லை. வியாழன் மாலை சின்னப் போட்டி. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். பாதையோரம் போஸ்ட் வைத்த தொடக்கநிலைத் தடத்தில் பத்து வயதுப் பிள்ளை, அதே காட்டின் உள்ளே எழுபது தாண்டியவர். அந்த முதியவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அவர் ஓடுவதே இல்லை, வேகமாக நடக்கிறார். ஆனால் ஒருமுறையும் நிற்பதில்லை. நேர அட்டவணையில் இளைஞர் சிலர் அவருக்குக் கீழே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சனியன்று நடுத்தூரப் போட்டி, முதலிடக்காரருக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நுணுக்கம் முழுக்க அங்கே. ஞாயிறு நெடுந்தூரம், படம் 1:15,000, உலகப் போட்டி ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே போகும். அங்கே களைப்பு வருகிறது. களைத்த மூளை முதலில் கைவிடுவது அந்த முன்வாசிப்பைத்தான். கடைசி நான்கு போஸ்ட்டுகளில் நல்லவர்கள்கூடச் சாதி மாறுவதைப் பார்ப்பது, மன்னிக்கவும், பெரிய சந்தோசம்.

ஓடி முடித்து வருபவரிடம் "கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தார் ரோட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுபவர்களின் கேள்வி அது. இடுப்பளவு பன்னத்துக்குள்ளும் சதுப்புக்குள்ளும் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

நகரத்துத் தெருக்களில் ஓடும் குறுந்தூரப் போட்டியான ஸ்பிரின்ட்டைப் பற்றி என் கருத்தைக் கேட்காமலே சொல்கிறேன். 2001இல் உலகப் போட்டிக்குள் வந்தது. 2019இலிருந்து ஒற்றை ஆண்டுகளில் காடு, இரட்டை ஆண்டுகளில் ஸ்பிரின்ட் என்று பங்கு பிரித்துவிட்டார்கள். 2022இல் டென்மார்க்கில் ஆளை ஆள் வெளியேற்றும் சுற்றுகளும் சேர்ந்தன. கமராவுக்கு வசதி, பார்வையாளருக்கு வசதி, ஒலிம்பிக் கனவுக்கும் வசதி. படிக்கட்டும் மதிலும் சந்தும் நிறைந்த பழைய ஊரில் அந்த வேகத்தில் படம் வாசிப்பது லேசில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்து தன்னைத்தானே காட்டிக்கொள்ளும் பொருள். நிலம் அப்படி அல்ல. ஸ்பிரின்ட்டில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுபவர்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால், பின்லாந்தின் யுகோலா. 1949இலிருந்து நடக்கும் ஏழு பேர் தொடரோட்டம். யுகோலா என்பது அலெக்ஸிஸ் கிவி எழுதிய ஏழு சகோதரர்கள் நாவலில் வரும் வீட்டின் பெயர். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகளின் முதல் ஆட்கள் தலைவிளக்குகளோடு ஒன்றாகப் பாய்வார்கள். அந்த வெளிச்ச ஆற்றைக் கைத்தொலைபேசியில் பிடித்து மூஞ்சிப்புத்தகத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஒரு கூட்டம். நீங்கள் போகாதீர்கள். உண்மையான விளையாட்டு அதன் பிறகு. முன்னால் போகும் விளக்கைப் பார்த்து ஓடினால் போதுமே என்று எல்லாருக்கும் தோன்றும். அதற்காகவே சில போஸ்ட்டுகளை அணிக்கு அணி கொஞ்சம் மாற்றி வைத்திருப்பார்கள். உங்களுக்கு 84 என்றால், முன்னால் போகிறவருக்கு ஐம்பது மீட்டர் தள்ளி 91. விளக்கை வாசித்து வந்தவர் 91இல் போய் நின்று விழிக்கும்போது, படத்தை வாசித்து வந்தவர் கூட்டத்திலிருந்து தனியே விலகி இருட்டுக்குள் போவார். நள்ளிரவுக்குப் பிறகு அந்தத் தனி விளக்குகளைக் கவனியுங்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று. ஓடத் தொடங்கியபின் ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கணினியில் செருகாதீர்கள். முதலில் படத்தை விரித்து, போன வழியை நினைவிலிருந்து சிவப்புப் பேனையால் கீறுங்கள். முன்வாசித்து ஓடிய இடமெல்லாம் மரம் மரமாக நினைவுக்கு வரும், கோடு தடங்கலின்றி ஓடும். ஏதோ ஓர் இடத்தில் பேனை நின்றுவிடும். அங்கே நீங்கள் காட்டை வைத்துப் படத்தைக் குடைந்துகொண்டிருந்தீர்கள், எதுவும் மனதில் பதியவில்லை. ஜிபிஎஸ் கோட்டை அதன் பிறகு மேலே போட்டுப் பாருங்கள், இரண்டும் பிரியும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். என் மனைவிக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது, சாப்பாட்டு மேசை கிடைப்பதில்லை என்பாள். படத்தை விரிக்குமுன் குளித்துவிடுங்கள், குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கமும் தொடை இடுக்கும் தடவி உண்ணி பாருங்கள். வயிறு பெருக்குமுன் அது எளிதில் கண்ணில் படாது.